பலகை வீட்டில் மூன்று டர்ன்டேபிள்கள்: சுங்கை சிப்புட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிறது சுங்கை சிப்புட். மூன்று டர்ன்டேபிள்களை, அதாவது இசைத்தட்டு சுற்றும் பெட்டிகளை, சரிசெய்து ஒப்பிட்ட இந்த வேலை அங்கே ஒரு பலகை வீட்டில், தைப்பூசம் முடிந்த வாரம் தொடங்கித் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு முடிந்தது. மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். ஒன்பது மாதம் ஏன் ஆனது என்பதை எழுதி வைத்தால், இதே மாதிரி வீட்டில் இதே மாதிரி பெட்டியோடு தலையைச் சொறிந்துகொண்டிருப்பவர்களுக்கு உதவும்.

சம்பந்தப்பட்டவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்; ஊருக்கே வாத்தியார். அவர் மனைவி, கோயிலில் தேவாரம் பாடுகிறவர், வீட்டில் ஆர்மோனியம் வைத்திருக்கிறவர். வாத்தியாரின் தங்கை மகன், கோலாலம்பூரில் கணினி வேலை, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருவார். நான்காவது ஆள் நான். முப்பது வருஷமாக ரேடியோவும் டிவியும் பழுதுபார்த்தவன். டர்ன்டேபிள் விஷயத்தில் எனக்கு இருந்த தன்னம்பிக்கை என் அனுபவத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

வாத்தியாரின் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். தோட்டம் கைமாறிச் செம்பனையாக மாறிய பிறகு பட்டணத்துப் பக்கம் வந்து இந்த வீட்டை வாங்கினார். முன்பகுதி முழுக்கப் பலகை. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தூண்கள்மேல் நிற்கிறது. பின்னால் சமையற்கட்டு மட்டும் பிறகு கட்டியது. அங்கே சிமெண்டுத் தரை. இந்த வித்தியாசத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாங்கள் அதைக் கவனிக்க நான்கு மாதம் ஆனது.

வீட்டில் இருந்தது லென்கோ எல்75, 1960களின் கடைசியில் வந்த சுவிஸ் தயாரிப்பு, அப்பா வாங்கியது. வாத்தியார் ஈப்போவில் பழைய சாமான் கடையில் பிடித்தது தோரன்ஸ் டிடி 160, 1972இல் வெளிவந்த மாடல். மருமகன் தன்னுடைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2வைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அது 1979 மாடல். மூன்றும் மூன்று விதம். லென்கோவில் மோட்டார் ஒரு ரப்பர் சக்கரத்தைச் சுற்ற, அது சுழல்தட்டின் அடிப்பக்கத்தை நேரடியாக உரசிச் சுற்றவைக்கும். தோரன்ஸில் பெல்ட், சுழல்தட்டும் டோன் ஆர்மும் (ஊசியைத் தாங்கும் கை) மூன்று ஸ்பிரிங்குகளில் மிதக்கும். டெக்னிக்ஸில் மோட்டாரே சுழல்தட்டு; வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் காக்கும்.

மருமகனின் ஆசை: மூன்றையும் ஒப்பிட்டு நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுவது. வாத்தியாரின் ஆசை வேறு. முதல் நாள் அவர் சொன்னது இதுதான்: "அப்பா கல்யாணத்துக்கு வாங்கின நாதஸ்வரத் தட்டு ஒண்ணு இருக்கு. 78. அதக் கேக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்."

78 என்பது நிமிடத்துக்கு 78 சுற்று. மூன்றில் அந்த வேகத்தில் சுற்றுவது லென்கோ மட்டும். மற்ற இரண்டும் 33, 45 தான். இந்த ஒரு வரியை அன்றே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். 45இல் ஓட்டிப் பதிவு செய்து கணினியில் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார் மருமகன். முடியும்தான். வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. தட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டுமாம்.

முதல் நாள் பார்த்தது

லென்கோவின் சுழல்தட்டு சுமார் நான்கு கிலோ. தூக்கியதும் அடியில் இரண்டு பல்லி முட்டைகள், ஒன்று உடைந்து காய்ந்த ஓடு. மோட்டாரின் பக்கத்தில் பல்லி எச்சம் படிந்து ஒயரின் உறை பச்சையாகியிருந்தது. நடுத்தண்டைத் துளையிலிருந்து உருவினேன். எண்ணெய் தேன் மாதிரி வரவில்லை, அல்வா மாதிரி வந்தது. பழுப்பு நிறத்தில், விரலில் ஒட்டி நூலாக இழுத்தது. மோந்து பார்த்தால் சிக்கு வாடை. வாத்தியார் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்: பத்து வயதில், சத்தம் வருகிறதே என்று அம்மாவின் தேங்காய் எண்ணெயை ஊற்றியவர் அவரே.

ரப்பர் சக்கரத்தின் விளிம்பு கண்ணாடிபோல் மின்னியது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. ஓரிடத்தில் சப்பையாக இருந்தது. கையால் சுழல்தட்டைச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு நாலைந்து தடவை 'டக், டக்' என்றது. இந்தச் சப்பைக்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. லென்கோவில் லீவரைத் தள்ளி நிறுத்தினால் சக்கரம் சுழல்தட்டிலிருந்து விலகிவிடும். நம் வீடுகளிலோ சுவரிலேயே சுவிட்ச். இவர்கள் வீட்டில் எல்லாச் சாமானையும் சுவரில் அணைத்துப் பழக்கம், அதுவும் பேராக் இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கையே பிடுங்கிவிடுவார்கள். லீவர் ஓடும் நிலையிலேயே இருக்க, சக்கரம் நான்கு கிலோ சுழல்தட்டில் அழுந்தியபடியே வருஷக்கணக்கில் கிடந்திருக்கிறது.

டோன் ஆர்ம் இரண்டு கத்தி முனைகளில் உட்கார்ந்து மேலும் கீழும் ஆடும். அந்த முனைகளைத் தாங்கும் சின்ன வி வடிவக் கட்டைகள் பொடிந்து கருப்புத் தூளாகக் கிடந்தன. ஐம்பது வருஷம் இந்த வெயிலிலும் ஈரத்திலும் எந்த ரப்பரும் இப்படித்தான் ஆகும். எடைக்கல் தாங்கும் தண்டும் பின்னால் தொங்கிப் போயிருந்தது.

மின்சாரப் பக்கம் நிலைமை மோசம். இரண்டு கம்பி ஒயர், எர்த் இல்லை. சுவிட்ச்சின் குறுக்கே இருந்த பழைய காகிதக் கெபாசிட்டர் வெடிப்பு விட்டிருந்தது. ஈரம் உள்ளே போன இந்த வகைக் கெபாசிட்டர் 240 வோல்ட்டில் ஒரு நாள் புகைந்தே தீரும். மேல் தகட்டில் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தது.

தோரன்ஸில் பெல்ட் தளர்ந்திருந்தது, ஒரு ஸ்பிரிங் சாய்ந்திருந்தது. டெக்னிக்ஸில் குறை எதுவும் இல்லை.

முதல் முடிவும் அதன் தவறும்

மின்சாரத்தை முதலில் சரிசெய்தேன். மூன்று கம்பி ஒயர், பிளக்கில் சிறிய ஃபியூஸ், மோட்டாருக்கும் தகட்டுக்கும் எர்த், கெபாசிட்டருக்குப் பதில் எக்ஸ்2 என்று அச்சிட்ட பாதுகாப்பு வகை. இதில் விவாதம் இருக்கவில்லை, இருக்கவும் கூடாது.

அதன் பிறகு எங்கள் வரிசை கெட்டது. மருமகன் ஏற்கெனவே ஏழு அடுக்கு பிளைவுட் வெட்டி ஒட்டி, லென்கோவுக்கு இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள மரப்பெட்டி செய்து வைத்திருந்தார். கனமான பெட்டி அதிர்வை விழுங்கும் என்ற கணக்கு. "அண்ணே, எல்லாத்தையும் ஒரேயடியா போட்டுறலாம்லா, திரும்பத் திரும்ப எதுக்குக் கழட்டணும்?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் சரி என்றேன். ஒரே சனி ஞாயிறில் புதுப்பெட்டி, புது வி கட்டைகள், சுத்தம் செய்த நடுத்தண்டு, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புது ரப்பர் சக்கரம், மருமகன் கையோடு கொண்டுவந்த ஒரு கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) எல்லாம் ஏறின.

ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரக் காடு, ரப்பர் மரம்தான். கையளவு ரப்பர் சக்கரம் கடல் தாண்டி வரவேண்டியிருந்தது, அதுவும் 280 வெள்ளிக்கு (ரிங்கிட்).

ஓடவிட்டோம். முன்பு இருந்த 'டக் டக்' போய்விட்டது. பதிலுக்கு இரண்டு புதுச் சத்தம். ஒன்று 'ம்ம்ம்' என்று தொடர்ந்து வரும் இரைச்சல். இன்னொன்று ஒலியைக் கூட்டினால் அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல். ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி தரும் வூஃபரின் காகிதம் கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் அலைந்தது. ஐந்து விஷயங்களை மாற்றியிருந்தோம். எது காரணம் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அன்று மாலையே டெக்னிக்ஸை வைத்துக் கேட்டோம். உறுமல் குறைவு, இரைச்சல் இல்லை. தோரன்ஸ் அமைதியாகத்தான் இருந்தது, ஆனால் வாத்தியார் மனைவி காப்பி கொண்டுவரும்போது ஊசி இரண்டு வரி தாண்டிக் குதித்தது. டெக்னிக்ஸ் முதல், தோரன்ஸ் இரண்டு, லென்கோ கடைசி என்று மருமகன் தீர்ப்பு எழுதினார். நான் மறுக்கவில்லை. என் காதுக்கும் அன்று அப்படித்தான் கேட்டது.

இரைச்சலைக் கண்டுபிடித்தது

அடுத்த வாரம் எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாகப் போடுவது என்று முடிவு செய்தோம். முதலில் இரைச்சல்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. மோட்டாரை ஓடவிட்டு, இசைத்தட்டு இல்லாமல், டோன் ஆர்மைக் கையில் பிடித்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக நகர்த்த வேண்டும். எங்கே வைத்தாலும் இரைச்சல் ஒரே அளவில் இருந்தால் எர்த் அல்லது ஒயர் பிரச்சினை. ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் இறங்கினால் மோட்டாரின் காந்தப்புலம் கார்ட்ரிட்ஜின் கம்பிச்சுருளுக்குள் நுழைகிறது. எங்களுக்கு நடுவை நெருங்க நெருங்க ஏறியது. லென்கோவின் மோட்டார் நான்கு துருவங்கள் கொண்டது, 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் கீழே ஓடும், பலமான ஆள். அதற்கு மேலே உலோகக் கவசம் இல்லாத கார்ட்ரிட்ஜை வைத்தால் அது மோட்டாரையும் சேர்த்துப் பாடத்தான் செய்யும். கார்ட்ரிட்ஜ் நல்லதுதான், இடம்தான் தப்பு.

அதை எடுத்துவிட்டு ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ போட்டோம். இரைச்சல் போய்விட்டது. இதைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இந்த வரிசையில் உடலை அப்படியே வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் மாற்றலாம். 78க்கென்றே அகல முனை ஊசி கிடைக்கும். எல்பிக்கு, அதாவது 33 வேகத்தில் சுற்றும் பெரிய தட்டுக்கு, ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான். 78 தட்டின் பள்ளத்துக்குச் சுமார் 75 மைக்ரான் வேண்டும். மெல்லிய ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கை உழுதுகொண்டு போகும். பாட்டைவிட மண் சத்தம்தான் அதிகம் வரும்.

ஒரு விபத்து

இதை எழுதாமல் விட்டால் ஆய்வு நேர்மையாக இருக்காது.

மூன்றாம் மாதம், நான் இல்லாத ஒரு சனிக்கிழமை, மருமகன் இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். எல்பிகளையும் 45களையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த நீரில் துடைத்தார், அவை வினைல், ஒன்றும் ஆகவில்லை. அதே பஞ்சோடு 78க்குப் போனார். பழைய 78கள் ஷெல்லாக், அதாவது அரக்கு. தச்சர்கள் மரத்துக்குப் பூசும் பாலிஷ் ஆல்கஹாலில் அரக்கைக் கரைத்துச் செய்வதுதான். பஞ்சு பழுப்பாக வந்ததும், அழுக்கு நன்றாக வருகிறது என்று நினைத்திருக்கிறார். இரண்டாவது வட்டத்தில், தட்டு பளபளப்பு இழந்து சாம்பல் பூத்ததைப் பார்த்து நிறுத்தினார். அது நாதஸ்வரத் தட்டு. முதல் பக்கம், ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலம்.

பாட்டிலை இசைத்தட்டுப் பெட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனவன் நான். 78க்கு ஆகாது என்று வாயால் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த விஷயம் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வாத்தியார் திட்டவில்லை. தட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உறையில் போட்டார். வெளியே போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். அதற்கு முன் ஒரு மணி நேரம் மழை பெய்திருந்தது.

மிச்ச 78களை ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீர் ஆறியதும், லேபிள் நனையாமல் துடைத்து, மின்விசிறியின் கீழ் நிறுத்தி உலர்த்தினோம். பூசணம் போனது. அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

உறுமல்: சமையற்கட்டில் கிடைத்த விடை

இரைச்சல் போன பிறகும் உறுமல் இருந்தது. நாங்கள் புது ரப்பர் சக்கரத்தைச் சந்தேகப்பட்டோம். பழைய சக்கரத்தை ஈப்போவில் அச்சக உருளைகளுக்கு ரப்பர் வேலை செய்யும் கடையில் கொடுத்து, கடைசலில் வைத்து, இறுகிய மேல்தோலைச் சீவி வாங்கினேன், 60 வெள்ளி. சக்கரம் சிறுத்துவிடுமே, வேகம் மாறாதா என்று வாத்தியார் கேட்டார். மாறாது. நடுவில் நிற்கும் சக்கரம் மோட்டார் தண்டின் வேகத்தைச் சுழல்தட்டுக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான். வேகத்தைத் தீர்மானிப்பது தண்டின் விட்டமும் சுழல்தட்டில் சக்கரம் தொடும் வட்டத்தின் விட்டமும். லென்கோவின் மோட்டார் தண்டு கூம்பு வடிவம். சக்கரத்தை அதன்மேல் நகர்த்தினால் வேகம் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டே மாறும். சக்கரம் உருண்டையாக இருந்தால் போதும்.

சீவிய சக்கரத்தைப் போட்டோம். உறுமல் அப்படியே. புதுச் சக்கரத்தைத் திரும்பப் போட்டோம். அப்படியே.

அப்புறம் வேகத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் குழல்விளக்கு நொடிக்கு நூறு முறை மின்னும். 33⅓க்கு 180 கோடுகள் கொண்ட அட்டையைச் சுழல்தட்டின்மேல் வைத்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் நின்றுவிட்டதுபோல் தெரியும். ஆனால் முன்கூடத்தில் எல்லாம் எல்இடி விளக்கு. அதில் கோடுகள் கலங்கிச் சாம்பலாகத்தான் தெரிந்தன. சோக் வைத்த பழைய குழல்விளக்கு சமையற்கட்டில்தான் இருந்தது. இருபது கிலோ பெட்டியோடு லென்கோவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம்.

கோடுகள் பத்து நிமிடம் மெதுவாக நகர்ந்து, மோட்டார் சூடானதும் நின்றன. கையோடு 3150 ஹெர்ட்ஸ் சோதனைத் தட்டையும் ஓட்டிப் பார்க்கலாம் என்று மருமகன் கார்ட்ரிட்ஜின் ஒலியைப் பெருக்கும் ஒரு சின்னப் போனோ பிரீஆம்பையும் ஹெட்போனையும் இணைத்தார். சிறிது நேரம் கேட்டுவிட்டு ஹெட்போனை என்னிடம் நீட்டினார். உறுமல் இல்லை.

அங்கேயே நின்று யோசித்தோம். தரை மாறியிருக்கிறது, ஸ்பீக்கரும் இல்லை. இரண்டில் எது? இந்தத் தடவை ஒன்றை மட்டும் மாற்றினோம். லென்கோவை மறுபடி முன்கூடத்தில் வைத்து, ஸ்பீக்கரை அணைத்து, ஹெட்போனில் கேட்டோம். உறுமல் இல்லை. ஸ்பீக்கரைப் போட்டதும் வந்தது.

உறுதி செய்ய மோட்டாரை நிறுத்தி, நிற்கும் தட்டின்மேல் ஊசியை வைத்து, ஒலியை மெல்லக் கூட்டினேன். ஒலிக் குமிழ் கடிகாரத்தின் எட்டு மணி நிலைக்கு வந்ததும் 'பூ' என்று தொடங்கி, ஒன்பதுக்கு அலறியது. பலகையில் குதிகாலால் ஒரு தட்டு தட்டினால் ஸ்பீக்கரில் தவில் மாதிரி வந்தது. ஸ்பீக்கரின் அதிர்வு பலகையில் இறங்கி, அலமாரி வழியே பெட்டிக்கு ஏறி, ஊசிக்குப் போய், மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து வளர்ந்துகொண்டே இருந்தது. மூன்றடி உயரத்தில் நாலு தூணுக்கு நடுவே விறைப்பாக நிற்கும் பலகைத் தரை ஒரு பெரிய மிருதங்கத் தோல்தான். அதன்மேல் இருபது கிலோ பெட்டியை வைத்ததில் தோல் இன்னும் கீழ்ச்சுருதியில் அடித்தது. தோரன்ஸ் குதித்ததும் இதே காரணத்தால்தான்: நடக்கும்போது பலகை ஆடும் வேகமும் அதன் ஸ்பிரிங்குகள் இயல்பாக ஆடும் வேகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதிர்வைத் தடுக்க வந்த ஸ்பிரிங் இந்த வீட்டில் ஊஞ்சலாகிவிட்டது.

ஆக, டெக்னிக்ஸ் முதல், லென்கோ கடைசி என்று எழுதிய தீர்ப்பு டர்ன்டேபிள்களைப் பற்றியதே இல்லை.

தூண்

வழிகள் மூன்று இருந்தன. சுவரில் தட்டு அடிப்பது: சுவரும் பலகை, அதுவும் ஆடும். எல்லாவற்றையும் சமையற்கட்டுக்கு மாற்றுவது: எண்ணெய்ப் புகை, வாத்தியார் மனைவியின் முகம், இரண்டுமே போதுமான காரணங்கள். மூன்றாவது, பலகையில் ஓட்டை போட்டு, கீழே மண்ணிலிருந்து ஒரு தூண் எழுப்பி, அது பலகையைத் தொடாமல் வெளியே வந்து டர்ன்டேபிளைத் தாங்குவது.

"தரையில ஓட்டையா? பாம்பு ஏறி வந்தா யாரு தம்பி பாக்குறது?" என்றார் வாத்தியார் மனைவி. நியாயமான கேள்வி. பின்பக்கம் செம்பனைத் தோட்டம். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். தூணைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி மட்டும் விட்டு, அடியிலிருந்து கம்பி வலை அடித்து, மேலே மெத்தென்ற ஸ்பாஞ்சுப் பட்டை சுற்றுவது என்று முடிவானது. ஸ்பாஞ்சு இறுக்கமாக இருந்தால் அதிர்வு அதன் வழியே ஏறிவிடும், தளர்வாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் ஒரு மலிவான சோதனை செய்தோம். அலமாரியைக் கூடத்தின் நடுவிலிருந்து, வீட்டுத் தூணுக்கு நேர் மேலே இருக்கும் மூலைக்கு நகர்த்தினோம். அதுவே பாதி உறுமலைக் குறைத்தது. காசில்லாமல் முடிகிறவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். வாத்தியாருக்கு அந்த மூலையில் சாமி படம் இருந்தது.

கொத்தனார் ஒருவர் ஒன்றரை அடி ஆழம் தோண்டி அடித்தளம் போட்டு, ஒன்பது அங்குலச் சிமெண்டுக் குழாயை நிறுத்திக் காங்கிரீட் நிரப்பினார். ஒரு வாரம் ஈரம் காட்டினோம். மேலே ஈப்போ சலவைக்கல் கடையில் கிடைத்த வெட்டுத்துண்டு ஒன்று. எல்லாம் சேர்த்து 210 வெள்ளி. பிளைவுட்டுக்கு மட்டும் மருமகன் அதைப்போல் இரண்டு மடங்கு செலவழித்திருந்தார்.

இப்போது ஒலிக் குமிழ் ஒரு மணி நிலைக்குப் போனாலும் நின்ற தட்டில் அலறல் இல்லை. வாத்தியார் மனைவி வேண்டுமென்றே ஒரு குதி குதித்துப் பார்த்தார்.

ஒப்பீடு, இரண்டாம் முறை

மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்மேல் வைத்துக் கேட்டோம். ஒரே கார்ட்ரிட்ஜ், ஒரே ஊசி. ஒவ்வொரு தடவையும் கழற்றி, அளவு அட்டை வைத்துக் கோணம் பார்த்து, சின்னத் தராசில் 2 கிராம் வைத்தோம். ஒரு மாற்றத்துக்கு நாற்பது நிமிடம். அதற்குள் முன்பு கேட்டது காதில் மங்கிவிடும் என்பதால், மருமகன் ஒவ்வொன்றையும் கணினியில் பதிவும் செய்தார். பிறகு எது எது என்று சொல்லாமல் போட்டுக்காட்டினார்.

வீணை 45 ஒன்றையும் நாதஸ்வர எல்பி ஒன்றையும் எடுத்துக்கொண்டோம். ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வைகள் உள்ள இசையில்தான் வேகத்தின் குறை தெரியும். சினிமாப் பாட்டில் தாளக்கட்டும் வயலின் கூட்டமும் அதை மறைத்துவிடும். டெக்னிக்ஸின் கார்வை ஆணி அடித்ததுபோல் நின்றது. லென்கோவில் மிக லேசான அசைவு, அதுவும் சொல்லிக் கொடுத்த பிறகு. தோரன்ஸ் புது பெல்ட்டோடு இரண்டுக்கும் நடுவில். பதிவில் யார் எது என்று வாத்தியாரும் நானும் பாதிக்குப் பாதிதான் சரியாகச் சொன்னோம், காசைச் சுண்டிப் போட்டிருக்கலாம். எந்தப் பெட்டியிலும் ஆசை இல்லாத வாத்தியார் மனைவி மட்டும் நாதஸ்வரத்தில் டெக்னிக்ஸை மூன்று தடவையும் கண்டுபிடித்தார். பாடுகிறவர் காது.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் வீணைத் தட்டில் இருந்தது. அதில் மூன்று பெட்டியிலும் சுருதி ஏறி இறங்கியது. குனிந்து பார்த்தால் டோன் ஆர்ம் ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமும் ஆடியது: நடு ஓட்டை மையத்தில் இல்லை. ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும். 45 தட்டின் உள்வரிகள் மையத்திலிருந்து 55 மில்லிமீட்டர் தூரத்தில் என்றால், வேகம் இரு பக்கமும் 1.8 விழுக்காடு அலையும். மூன்று பெட்டிகளில் எதுவுமே அதில் பத்தில் ஒரு பங்குகூட அலையவில்லை. ஓட்டையை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தி, கையால் மையம் பார்த்து வைத்தோம். அந்த ஐந்து நிமிட வேலை தந்த முன்னேற்றத்தை டெக்னிக்ஸுக்கும் லென்கோவுக்கும் உள்ள வித்தியாசம் தரவில்லை.

கனமான பிளைவுட் பெட்டியையும் பழைய மரப்பெட்டியையும் தூண்மேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை. மருமகன் கேட்கிறது என்றார், பதிவில் கண்டுபிடிக்கவில்லை. பழைய பெட்டியே திரும்ப ஏறியது. அதில் கிராணி ஐயா ஒட்டிய சாமி ஸ்டிக்கர் இருந்தது.

78

அகல முனை ஊசி, 5 கிராம். பழைய ஆம்பிளிஃபயரில் இருந்த மோனோ சுவிட்ச்சைப் போட்டதும் கரகரப்பில் ஒரு பகுதி அடங்கியது: பள்ளத்தின் மேல்கீழ் அசைவில் 78இல் பாட்டு இல்லை, அழுக்குதான், இடது வலது ஒலி இரண்டையும் சேர்த்தால் அது ஒன்றையொன்று அழித்துவிடும்.

50 ஹெர்ட்ஸில் 78க்கு 77 கோட்டு அட்டை. அது காட்டுவது உண்மையில் 77.92. ஆனால் '78' என்று அச்சிட்டிருந்தாலும் பழைய தட்டுகள் எல்லாம் அதே வேகத்தில் பதிவானவை அல்ல. வாய்ப்பாட்டுத் தட்டு ஒன்று, ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவில் நின்றது. அரைக் கட்டை மாற வேகம் சுமார் 6 விழுக்காடு மாற வேண்டும். லென்கோவின் வேக லீவரை வாத்தியார் மனைவி இழை இழையாகக் கீழே இழுத்து, ஆர்மோனியத்தோடு சேர்ந்ததும் "அங்கதான், விடுங்க" என்றார். பாடியவரின் குரலில் இருந்த கீச்சு போய்விட்டது. டெக்னிக்ஸிலும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் அதில் 78 இல்லை.

நாதஸ்வரத் தட்டின் இரண்டாம் பக்கம் முழுதாக இருந்தது. சுமார் மூன்று நிமிடம். அதை வைத்துக் கேட்டோம். யாரும் பேசவில்லை. முதல் பக்கத்தை ஓரத்திலிருந்து வைத்தால் மழைச் சத்தத்துக்குள் நாதஸ்வரம் வாசிப்பது மாதிரி இருக்கிறது. இரண்டு விரல் தள்ளி வைத்தால் தெளிவு.

மறுபடி செய்தால்

என்ன வேண்டும் என்பதை முதலில் கேட்டு எழுதுவேன். 78 வேண்டும் என்றபோதே லென்கோதான் என்று முடிவாகிவிட்டது. ஒப்பீடு மருமகனுக்கும் எனக்கும் பொழுதுபோக்கு. சக்கரம் வாங்கும் முன், மோட்டாரைக் கழற்றும் முன், நின்ற தட்டில் ஊசியை வைக்கும் சோதனையைச் செய்வேன். அதற்கு ஒரு சல்லிக் காசு செலவில்லை. பழைய சக்கரத்தை முதலில் கடைசலுக்கு அனுப்புவேன். இன்று ஓடுவது அதுதான், 280 வெள்ளிச் சக்கரம் டப்பாவில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மாற்றம். ஆல்கஹால் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போவேன்.

பிளைவுட் பெட்டி செய்ததைத் தவறென்று சொல்ல மாட்டேன். சிமெண்டுத் தரை வீட்டில் அதற்கு வேறு பதில் கிடைத்திருக்கலாம். இந்த வீட்டில் தேவைப்படவில்லை.

இப்போதைய நிலை

டெக்னிக்ஸ் கோலாலம்பூருக்குத் திரும்பிவிட்டது. தோரன்ஸை விற்கவில்லை, ஸ்பிரிங்குகளைச் சமப்படுத்தி, தைப்பிங்கில் மாடி இல்லாத கல்வீட்டில் இருக்கும் வாத்தியாரின் தம்பிக்குக் கொடுத்தோம், அங்கே ஒழுங்காகப் பாடுகிறது. லென்கோ தூண்மேல். ஆறு மாதம் கழித்து அட்டை வைத்துப் பார்த்தேன். சூடானதும் கோடுகள் நின்றன. நடுத்தண்டில் எண்ணெய் தெளிவாக இருந்தது. சுழல்தட்டின் அடியில் புதிதாக ஒரு பல்லி முட்டை. சுவர் சுவிட்ச்சின் பக்கத்தில் வாத்தியார் கையெழுத்தில், பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதுகிற அதே சாய்ந்த எழுத்தில், ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "முதலில் லீவர். அப்புறம் சுவிட்ச்."